எழுத்தைத் தேடி ஐந்து நாள்: தரங்கம்பாடி முதல் மதுரை வரை

பிப்ரவரி 19, 2025, புதன் – தரங்கம்பாடி

இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த உடம்பில் கடல் காற்று பட்டதும் பசி எழுந்தது. நகர வாயிலுக்கு அருகே மரத்தடியில் ஓர் அம்மா இட்லி அவித்துக்கொண்டிருந்தார். நான்கு இட்லி, மீன் குழம்பு, முப்பது ரூபாய். "நேற்று வைத்த குழம்பு, அதனால்தான் இந்த ருசி" என்று அவரே சொன்னார். தட்டு காய்வதற்குள், நான் கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

எதற்காகக் கிளம்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு தெருவின் சமுதாயக்கூடத்தில் வரும் சனியும் ஞாயிறும் எழுத்துகளுக்கென்றே ஒரு கண்காட்சி. கடைப் பலகை எழுதியவர்கள், அச்சுக்கோத்தவர்கள், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர்கள், பள்ளிக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் குறள் எழுதும் ஆசிரியர்கள் என்று அந்தப் பகுதிக்காரர்களே கூடி நடத்துகிறார்கள். தோழி ஒருத்தி அழைப்பிதழைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதுவும் தூரிகையால் எழுதியது. அதில் இருந்த 'ழ' என்னை ஒரு வாரமாக விடவில்லை. அதன் வால் தயக்கமே இல்லாமல் கீழே இறங்கி, திரும்பி, நின்றிருந்தது.

பத்தொன்பது வருடமாக மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது, என் தொழில். எழுத்துதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் ஓர் எழுத்து ஒருவர் கையிலிருந்து பிறப்பதை அருகில் நின்று நான் பார்த்ததே இல்லை. போவது போகிறோம், ஈய எழுத்து கப்பலில் வந்திறங்கிய ஊரிலிருந்தே தொடங்குவோம் என்று மூன்று நாள் முன்னதாகப் புறப்பட்டுவிட்டேன்.

ராஜ வீதி காலை எட்டு மணிக்குக் காலியாக இருந்தது. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கே வந்தார். அவர் 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். இறந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. ஆலயத்தின் உள்ளே குளிர்ச்சி. வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் சீகன்பால்கின் அச்சகத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தமிழில் அச்சு அதற்கு முன்பே உண்டு. 1578இல் கொல்லத்தில் பதினாறு பக்கத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. தரங்கம்பாடியின் கதை வேறு விதமானது. லண்டனிலிருந்து அச்சுப்பொறியை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. அது மீண்டு 1712இல் இங்கே வந்தபோது, கூட அனுப்பிய அச்சுத் தொழிலாளி உயிரோடு இல்லை, வழியிலேயே இறந்துவிட்டார். இறங்கிய பொறியை ஓட்டத் தெரிந்த கை வேண்டுமே. ஊரில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சு வேலை தெரிந்திருந்தது. மறு வருடம் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அடித்தால் காகிதம் போதாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது. காகிதத்துக்கென்று பக்கத்துப் பொறையாரில் ஓர் ஆலையே வைத்துப் பார்த்தார்கள். "ஈயத்துக்கு எங்கே போவது? பாலாடைக்கட்டி வந்த டப்பாவை உருக்கினார்கள் என்று எங்கள் வாத்தியார் சொல்வார் அம்மா" என்றார் பெரியவர்.

நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். ஹாலேயில் எழுத்து வார்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. இங்கிருந்து எழுதி அனுப்பிய வடிவங்களைப் பார்த்துத்தான் வார்த்தார்கள். அப்படியானால் அந்தத் தாளில் 'அ' எழுதிய கை யாருடையது? பெரியவரிடம் கேட்டேன். சிறிது நேரம் கடலைப் பார்த்துவிட்டு, "எழுதியவனை யார் கேட்கிறார்கள்?" என்றார்.

மாலை மாசிலாமணிநாதர் கோயில் வாசலில் அலையில் கால் நனைத்தேன். கல்வெட்டில் இந்த ஊர் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்று இருக்கிறது. பாண்டியன் கட்டிய கோயிலில் கடல் பாதியைத் தின்றுவிட்டது. உப்புக் காற்று எழுத்துகளின் ஓரத்தையெல்லாம் மழுக்கியிருந்தது. அலை இழுத்ததில் செருப்பின் வாரும் அறுந்தது. வெறுங்காலுடன் ராஜ வீதி முழுக்க நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் தைத்துக் கொடுத்தவர் இருபது ரூபாய் வாங்கினார். மற்றொரு செருப்பின் வாரையும் இழுத்துப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே அதிலும் இரண்டு தையல் போட்டார்.

பிப்ரவரி 20, வியாழன் – தஞ்சாவூர்

மயிலாடுதுறையில் பஸ் மாறி, கும்பகோணத்தில் இறங்கி ஒரு காபி. பித்தளை டபராவில் இருபத்தைந்து ரூபாய். நுரைக்கு அடியில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். இரவு வரை எதிலும் ருசி தெரியவில்லை.

பெரிய கோயிலுக்குள் நுழையும்போது பதினொன்றரை. காலணியை விட்டுவிட்டு அந்தக் கல் தளத்தில் நடப்பதற்குப் பிப்ரவரியிலேயே இந்தப் பாடென்றால் மே மாதத்தில் எப்படியோ. எல்லோரும் தண்ணீர் தெளித்த விரிப்பின்மேல் வரிசையாகப் போனார்கள். நான் விமானத்தின் அடித்தளத்தை ஒட்டி நிழலோடு நிழலாக நகர்ந்தேன்.

படங்களில் எத்தனையோ முறை பார்த்த கல்வெட்டுதான். எழுத்துக்கு அரை அடி தூரத்தில் முகத்தை வைத்துப் பார்க்கும்போது அது வேறு. 1010இல் முடிந்த கோயில்; ஆயிரத்துப் பதினைந்து வருட மழை பட்டும் உளியின் விளிம்பு இன்னும் விரலுக்குத் தட்டுப்படும்போலக் கூர்மையாக நிற்கிறது. (தொடவில்லை. தொடக்கூடாது.) வரிகள் நூல் பிடித்தாற்போல் ஓடுகின்றன. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே விட்ட வெளி ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கல்லில் எழுத்து அடித்துவிட்டு அழிக்க முடியாது. அத்தனை நீளத்துக்கு அப்படி ஒரு நிதானம்.

பள்ளிச் சுற்றுலாவில் வந்த ஒரு சிறுமி என் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். "நாங குடுததனவும..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தாள். "அத்தை, புள்ளியே இல்லையே?"

மெய்யெழுத்தின் இயல்பு புள்ளியோடு நிற்பது என்று தொல்காப்பியம் இலக்கணம் சொல்லியிருக்கிறது. ஆனால் கல்லில் வெட்டியவர்களும் ஓலையில் எழுதியவர்களும் பெரும்பாலும் புள்ளி வைத்ததில்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகிவிடும். படிக்கிறவர் தாமே இடமறிந்து புள்ளியைப் போட்டுக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னதும் அவள் மறுபடியும் முயன்றாள். "நாங் குடுத்தனவும்... அக்கன் குடுத்தனவும்... நம் பெண்டுகள் குடுத்தனவும்..." நான் கொடுத்ததையும் என் அக்கா கொடுத்ததையும் கல்லில் வெட்டுங்கள் என்று ராஜராஜன் சொல்கிற அந்த வரியை, தன் வாயாலேயே புள்ளி வைத்து ஒரு பத்து வயதுப் பெண் படித்தாள். அவளுடைய ஆசிரியை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

இந்தக் கோயில் பெயர்களை வெட்டியதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. கட்டிய தச்சர் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் பெயர் கல்லில் இருக்கிறது. கோயிலில் ஆடவும் பாடவும் அமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்த வரிசையில் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பது வரை இருக்கின்றன. இதனால்தான் இந்தச் சுவர் எனக்கு எந்தச் சிற்பத்தையும் விட மேலாகப் படுகிறது.

மாலையில் சரசுவதி மகாலின் அருங்காட்சிக் கூடத்தில் ஓலைச்சுவடிகளைப் பார்த்தேன். கீறி எழுதிய ஓலையில் கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். அதற்கு மையாடல் என்று பெயர். ஒரு வரியின் உயரம் கடுகளவு. எழுதியவர் தம் கண்ணைக் கொடுத்து எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 21, வெள்ளி – வழியில், பிறகு மதுரை

இன்று எழுத அதிகம் இல்லை. புதுக்கோட்டை தாண்டித் திருமயம் வருவதற்குச் சற்று முன்னால் பஸ்ஸின் பின் டயர் வெடித்தது. ஒன்றே கால் மணி நேரம் சாலையோரத்தில் நின்றோம். தூரத்தில் கோட்டை தெரிந்தது. மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்ததால் நடத்துநர் தொலைபேசியில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். கோபப்பட்டவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் ஒரு புளியமரத்து நிழலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்ணுக்கு ஒருவர் தம் பெட்டியையே நாற்காலியாகப் போட்டார். ஓர் ஆச்சி தூக்குவாளியைத் திறந்து, தயிர்சாதத்தை உருட்டி, யார் எவர் என்று பார்க்காமல் கையில் கையில் வைத்தார். எனக்கும் ஓர் உருண்டை, மேலே மாவடு.

நின்ற இடத்துக்கு எதிரே ஒரு நீளமான சுற்றுச்சுவர். அதில் கையால் எழுதிய சிமென்ட் விளம்பரம். எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரம். அவ்வளவு பெரிய 'ட்'டை, அருகில் நின்று எழுதுகிறவர் எப்படி நேராக நிறுத்துகிறார்? முழு எழுத்தையும் அவரால் பார்க்கவே முடியாதே. சாலையைக் கடந்து போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக்கு அடியில் நீலக் கோடுகள் லேசாகத் தெரிந்தன. நூலில் நீலம் தோய்த்து, இழுத்துப் பிடித்து, சுண்டிவிட்ட கோடுகள்.

மதுரையில் முன்பதிவு செய்திருந்த அறை "வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொன்னார்கள். முன்பணம் திரும்பி வர மூன்று நாள் ஆகுமாம். மேற்கு மாசி வீதிப் பக்கம் எண்ணூற்று ஐம்பதுக்கு வேறோர் அறை பிடித்தேன். ராத்திரி ஒன்பதரைக்குத் தெருமுனையில் பருத்திப்பால், இருபது ரூபாய். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கியதும் நாளெல்லாம் நின்ற கால் வலி பாதியாகக் குறைந்தது.

பிப்ரவரி 22, சனி – சமணர் மலை, பிறகு கண்காட்சி

கண்காட்சி பத்து மணிக்குத்தான். ஆறு மணிக்கே ஆட்டோ பிடித்துக் கீழக்குயில்குடிக்குப் போனேன். போக, காத்திருக்க, வர ஐந்நூறு ரூபாய். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், அவற்றின் அடியில் வட்டெழுத்து. தஞ்சாவூர் எழுத்தைப் படித்த தைரியத்தில் போன எனக்கு இங்கே ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. எல்லாம் வளைவும் சுழியுமாக, ஓடும் தண்ணீரைப் பாறையில் கீறியது போல இருந்தது. அவற்றில் ஒன்றுக்குப் பாடம் எனக்கு முன்பே தெரியும்: அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி என்ற சமணத் துறவியின் அம்மா செய்வித்தது. சுமார் ஆயிரத்து நூறு வருடமாக அவள் பெயர் இந்தப் பாறையில் வெயில் காய்கிறது.

செய்வித்தவர் பெயர் இருக்கிறது. செய்தவர் பெயர்? தரங்கம்பாடிப் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இறங்கும்வரை அதே நினைப்புதான்.

கண்காட்சி நடந்த இடம் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. காதுகுத்தும் வளைகாப்பும் நடக்கிற சாதாரணச் சமுதாயக்கூடம். உள்ளே நுழைந்ததும் மோர் கொடுத்தார்கள். கட்டணம் இல்லை, விருப்பப்பட்டால் போட ஓர் உண்டியல். வருகைப் பதிவேட்டுக்குப் பதிலாக ஒரு நீளமான காகிதச் சுருள், ஒரு தூரிகை, ஒரு கிண்ணம் மை. எல்லோரும் தம் பெயரைத் தூரிகையால் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கை நடுங்கி எழுதினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "பரவாயில்லை அக்கா, நாளைக்கு இன்னொரு தடவை எழுதுங்கள்" என்றாள்.

சுவர் முழுக்கத் தகரப் பலகைகள். மூடிப்போன தையல் கடை, சலூன், சைக்கிள் கடை, மருந்துக் கடை. 'இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்கள்', 'கடன் அன்பை முறிக்கும்'. கண்ணாடியின் பின்பக்கத்தில் இடம் வலமாகத் திருப்பி எழுதி, முன்பக்கத்திலிருந்து படிக்கிற பலகைகள் நான்கைந்து. பல பலகைகளின் தலையில் 'மீனாட்சி துணை', 'முருகன் துணை'. அவற்றில் பெரும்பாலானவற்றில் தும்பிக்கை தூக்கிய பழைய 'ணை'. 1978இல் அரசாணை வந்து அந்தத் தும்பிக்கையை எடுத்துவிட்டது. என் தலைமுறை பள்ளியில் எழுதியது புதிய 'ணை'தான். இருந்தாலும் அந்தப் பழைய வளைவைப் பார்க்கும்போது, வீட்டில் இருந்த ஒரு பெரிய மனிதரைப் பார்த்தது போல இருந்தது.

ஒவ்வொரு பலகையின் கீழும் ஓர் அட்டை. எழுதியவர் பெயர், தோராயமாக எழுதிய வருடம். பதினொரு பலகைகளின் கீழ் மட்டும் இப்படி இருந்தது: 'எழுதியவர் பெயர் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதவும்.' பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு பென்சில்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர் ஒரு மூலையில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். இப்போது எல்லோரும் மின்சாரக் கருவியால் எழுதுகிறார்கள். இவர் சிற்றுளியும் சுத்தியலும்தான். புள்ளி புள்ளியாகத் தட்டி, புள்ளிகளாலேயே எழுத்து. எழுத்துக்கு ஐந்து ரூபாய். "மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளிக்குக் காசு வாங்குவதில்லை" என்றார். "அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்." அறுபது ரூபாய்க்கு ஒரு டம்ளர் வாங்கி வந்து, 'துணை' என்று பழைய 'ணை' போட்டு எழுதித் தரச் சொன்னேன். முதலில் ஆள்காட்டி விரலால் தம் முழங்காலில் இரண்டு தடவை வரைந்து பார்த்துக்கொண்டார். பிறகு டம்ளரை இடது முழங்கைக்கும் தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். தும்பிக்கை ஒரே ஓட்டமாக வந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு இன்றுதான் அதை வெட்டுகிறாராம்.

இரண்டரை மணிக்கு மின்சாரம் போயிற்று. ஜன்னல் குறைவான கூடம். உள்ளே இருட்டும் புழுக்கமும். நேரமாகும் என்று தெரிந்ததும் யாரோ ஒருவர், "வெளியே கொண்டு போவோம்" என்றார். அவ்வளவுதான். இளைஞர்கள் ஏணி போட்டுப் பலகைகளை இறக்க, பெண்கள் கைமாற்ற, அரை மணி நேரத்தில் சந்தின் இரண்டு பக்கமும் திண்ணைகளிலும் ஜன்னல் கம்பிகளிலும் பலகைகள் ஏறிவிட்டன. நானும் ஒரு சலூன் பலகையைத் தூக்கினேன். தகரம் எதிர்பார்த்ததை விடக் கனம். மாலை வெயிலில் அந்தச் சிவப்பும் பச்சையும் உள்ளே இருந்ததைப் போல இல்லை; உயிர் வந்துவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், சைக்கிள் கடைப் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார். பெயர் தெரியாத பதினொன்றில் அது ஒன்று. பையைக் கீழே வைத்தார். கிட்டே போய், 'ண'வின் கடைசிச் சுழியில் விரலை வைத்தார்.

"இது எங்கள் அப்பா" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவர் அந்தச் சுழியைக் காட்டினார். முதல் இரண்டு சுழிகளும் மூடியிருந்தன. மூன்றாவது மூடவில்லை, ஓர் அரிசி அளவுக்கு வாய் திறந்திருந்தது. "கடைசிச் சுழியை மூடினால் எழுத்து மூச்சு விடாது என்று சொல்வார். வீட்டுக் கதவில் எழுதியதும் இப்படித்தான் இருக்கும்." நூலில் தொங்கிய பென்சிலை எடுத்து அட்டையில் தம் அப்பாவின் பெயரை எழுதினார். அவருடைய 'ண'விலும் மூன்றாவது சுழி மூடவில்லை. பையை எடுத்துக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி வந்து, அந்த அட்டையை நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

பலகை கூடத்துக்குள்ளேயே இருந்திருந்தால் அவர் கண்ணில் அது பட்டிருக்காது. மின்சாரம் போனதற்கு நான் இதற்கு முன் நன்றி சொன்னதில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு – மதுரை

காலையில் போனதும் அந்தப் பதினொன்றை எண்ணிப் பார்த்தேன். ஏழுதான் மீதி. இரவுக்குள் செய்தி பரவி, மூன்று அட்டைகளில் மூன்று விதக் கையெழுத்தில் பெயர்கள் ஏறியிருந்தன. ஒன்றில் பெயருக்குப் பக்கத்தில் 'இடது கைக்காரர்' என்றும் எழுதியிருந்தது.

அச்சுக்கோப்பவர் ஒருவர் கேஸ்களோடு, அதாவது எழுத்துக்கு ஓர் அறை வைத்த மரத்தட்டுகளோடு, வந்திருந்தார். ஈய எழுத்து ஒன்றை உள்ளங்கையில் வைத்தார். எழுத்துக்கு எடை உண்டு என்பதை என் கை இன்றுதான் அறிந்தது. தமிழுக்கு 'கு' தனி, 'கூ' தனி, 'சு' தனி, 'சூ' தனி. ஆங்கிலத்தை விட அறைகள் பல மடங்கு. அவர் கேஸைப் பார்க்கவே இல்லை. என்னோடு பேசிக்கொண்டே விரல்கள் தாமாகப் போய் எழுத்தை எடுத்து, வரி கோக்கும் சட்டமான ஸ்டிக்கில் அடுக்கின. திருப்பிப் போட்ட எழுத்தைத் தலைகீழாக வேகமாகப் படித்தார். நான் மெய்ப்புத் திருத்துகிறவள் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "நாற்பது வருடமாக உங்கள் ஆட்கள் போட்ட சிவப்புக் கோட்டைத் திருத்தியிருக்கிறேன் தாயி, ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை" என்றார். எனக்கும் அப்படித்தான். இருவரும் சேர்ந்து ஒரு டீ குடித்தோம். காசு கொடுக்க அவர் விடவில்லை.

மதியம் கறிதோசை, நூற்று நாற்பது ரூபாய். மொறுமொறுவென்ற முட்டைக்கு அடியில் கறி வெந்த பதம் அருமை. அவசரமாகச் சாப்பிட வேண்டியதாகிவிட்டது. மூன்று மணிக்கு, கூடத்துக்கே ஒரு புதிய பெயர்ப் பலகை எழுதுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எழுத வந்தவருக்கு எழுபதுக்கு மேல். அழைப்பிதழில் அந்த 'ழ'வை எழுதியவர் அவர்தான். பிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்து, நம்பர் பிளேட்டும் கல்லறை எழுத்துமாகக் காலம் தள்ளியவர். வெள்ளை அடித்த தகரத்தில் கோடு போட நூலின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். "இழுத்துப் பிடி தாயி. மூச்சை விடாதே." அவர் நூலின் நடுவைத் தூக்கிச் சுண்டினார். டப்பென்று ஒரு சத்தம், தகரத்தில் மயிரிழை போல நீலக் கோடு. திருமயத்துச் சுவரில் பார்த்த அதே நீலம்.

'சமுதாயக்கூடம்' என்று எழுத வேண்டும். 'ச'வும் 'ட'வும் ஒரே அகலம் கொள்ளாது. 'மு' ஒரு மாதிரி, 'தா' ஒரு மாதிரி. அளவுகோலால் பிரித்தால் பல் விழுந்த வாய் போலத் தெரியுமாம். சாக்பீஸால் லேசாக முழுச் சொல்லையும் ஒரு தடவை எழுதி, பத்தடி பின்னால் போய்ப் பார்த்து, ஈரத் துணியால் துடைத்து, மறுபடி எழுதினார். மூன்று தடவை. அதன் பிறகுதான் எனாமலைத் தொட்டார். முனையில் துணி சுற்றிய ஒரு கோலை இடது கையால் பலகையில் சாய்த்து, அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டார். தட்டைத் தூரிகையை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே வளைவைத் திருப்பினார்; கை திரும்பவில்லை, தூரிகைதான் திரும்பியது. 'கூ'வின் வளைவை இழுக்கும்போது அவர் வாய் லேசாகத் திறந்தது. கூட்டத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

எல்லா எழுத்தும் முடிந்தும் 'ம்'முக்குப் புள்ளி வைக்கவில்லை. கீழே இறங்கினார், வெற்றிலை போட்டார், சந்தின் கோடிவரை நடந்துபோய் அங்கிருந்து பார்த்தார். முன்வரிசையில் நின்ற ஒரு பையன் பொறுக்காமல், "தாத்தா, புள்ளி!" என்று கத்தினான். "இருடா. சொல் உலரட்டும். அது எங்கே உட்கார வேண்டும் என்று அதுவே சொல்லும்" என்றார். கால் மணி நேரம் கழித்து ஏறி, தூரிகையை மாற்றி, ஒரே தொடுதலில் வைத்தார். நான் நினைத்த இடத்தில் இல்லை. சற்று வலது பக்கம். வைத்த பிறகு வேறெங்கும் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

வலது கீழ் மூலையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பழைய பலகைகளில் அந்த மூலையில் சின்னதாகப் பெயரோ கடைப் பெயரோ இருக்கும். நேற்றிலிருந்து நான் அந்த மூலையைத்தான் முதலில் பார்க்கிறேன். அவர் வெட்கப்பட்டார். பிறகு மிகச் சிறிய தூரிகையால் எழுதினார். அந்தப் பெயரை இங்கே போடட்டுமா என்று கேட்டேன். "இந்தத் தெருவுக்குத் தெரிந்தால் போதும் தாயி. பார்க்கணும் என்கிறவர்கள் இங்கே வந்து பார்க்கட்டும்" என்றார். ஆகவே எழுதவில்லை. என் சட்டைக் கையில் அவர் தூரிகையிலிருந்து விழுந்த சிவப்புச் சொட்டு ஒன்று இருக்கிறது. டர்பன்டைன் போட்டுத் துடைக்கிறேன் என்று அந்தப் பையன் ஓடி வந்தான். வேண்டாம் என்றேன்.

கிளம்பும்போது காகிதச் சுருளில் என் பெயரை இரண்டாம் தடவை எழுதினேன். அட்டைகளில் இன்னும் ஐந்து காலியாக இருந்தன. அந்த ஐந்து பலகைகளையும் அடுத்த வாரம் முழுக்கத் திண்ணையிலேயே வைத்திருக்கப் போவதாகச் சொன்னார்கள்.

ஒன்பதேகாலுக்கு ரயில். டவுன் ஹால் ரோடு வழியாக நடந்தேன். ஞாயிறு இரவு, பாதிக் கடைகள் அடைத்திருந்தன. ஓர் இழுவைக் கதவில் நீலமும் மஞ்சளுமாக நிழல் போட்டு எழுதிய பெரிய எழுத்துகள், வருடக் கணக்கில் ஏறி இறங்கி வரிவரியாக உரிந்திருந்தன. பையைத் தோளில் தூக்கிக்கொண்டு குனிந்து வலது மூலையைப் பார்த்தேன். பூட்டுத் தொங்கும் இடம். பூட்டை ஒரு விரலால் நகர்த்தினேன். அடியில், துரு ஏறிய தகரத்தில், பெயரின் முதல் பாதியைப் பூட்டு தேய்த்துவிட்டிருந்தது. 'ஆர்ட்ஸ்' மட்டும் இருந்தது, மூன்று புள்ளிகளோடு.